முன்கூட்டியே சொன்ன நன்றி

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். வலது காலில் அசைவு கொஞ்சம் திரும்பி வந்தது. வலது கையில் அதைவிடக் குறைவாக வந்தது. பேச்சு வரவில்லை.

அவர் அடையாறு டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அபிராமபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நாங்கள் இரண்டு பேரும் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அது அவர் பேச்சுதான். காய்காரரிடம் பேரம் பேசுவது, கேஸ் கம்பெனிக்குப் போன் போடுவது, சர்ச்சில் எதிரே வருகிறவர்களிடம் நலம் கேட்பது எல்லாம் அவர் வேலை. நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஐந்தாவது வரைதான் படித்தேன். படிப்பு நின்றதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. எழுந்து நின்று வாசி என்று டீச்சர் சொல்வது நின்றதே என்று சந்தோஷம்தான்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை தனியாக வடபழனிப் பக்கம் பஸ்ஸில் போனேன். இறங்கவேண்டிய இடத்தில் கூட்டம். "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. டிப்போ வரை போய், வெயிலில் நடந்து திரும்பினேன். அவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாமே, கண்டக்டர் பொண்டாட்டி நீ! உனுக்கு ஒரு விசில் வாங்கித் தரட்டா?"

அப்படிப்பட்டவருக்குத்தான் வாய் அடைத்துப்போனது. ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. மூளையில் பேச்சு இருக்கிற இடம் அடிபட்டாலும், ஆயுசு பூராவும் சொல்லிப் பழகின ஒன்றிரண்டு வார்த்தை தப்பித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். இவருக்குத் தப்பித்தது "போலாம் ரைட்". தண்ணீர் வேண்டுமென்றாலும் போலாம் ரைட். கால் மரத்துப்போனாலும் போலாம் ரைட். பயிற்சிக்காகப் படம் போட்ட அட்டைகள் கொடுத்திருந்தார்கள். டம்ளர் படத்தைக் காட்டி "இது இன்னா, சொல்லுங்க" என்பேன். உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், கடைசியில் அதுதான் வரும். தப்பு என்று அவருக்கே தெரியும். அட்டையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆகஸ்டிலிருந்தே எங்கள் சர்ச்சில் அவருக்காக ஜெபித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கையில் கொடுக்கிற தாளில், நோயாளிகளுக்காக ஜெபிப்போம் என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாக அவர் பேர் இருக்கும். ஆயர் அதை வாசிக்கும்போது சர்ச் முழுக்க வாய்க்குள் அந்தப் பேரைச் சொல்லும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த முணுமுணுப்பைக் கேட்பேன். வாரம் முழுக்க நான் ஒருத்தி கேட்டது ஆண்டவர் காதில் ஏறாமல் போயிருந்தாலும், இது ஏறாமல் போகாது என்று தோன்றும். எனக்கு இருந்த பலம் அது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமைதோறும் பெண்கள் ஐக்கியத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து அவரோடு உட்காருவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் மார்க்கெட்டுக்கும் மருந்துக்கடைக்கும் போய் வந்துவிடுவேன்.

பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிறவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பேங்கில் பெரிய வேலை பார்த்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. முடிந்து எல்லோரும் போன பிறகு சிஸ்டர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை மாசமா கேட்டுக்கிட்டே இருக்கீங்க ஆன்ட்டி?"

"அஞ்சாவது மாசம் நடக்குது சிஸ்டர்."

"கேட்டுக்கிட்டே இருந்தா நீங்க நம்பலைன்னு ஆகுது. கையில வாங்கினப்புறம் தேங்க்ஸ் சொல்றது உலகத்து வழக்கம். வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லணும். அதான் விசுவாசம். கிறிஸ்துமஸ் வருது. ஸ்தோத்திர காணிக்கை கவர்ல எழுதிப் போட்டுடுங்க. நடந்துடுச்சுன்னே எழுதுங்க. சந்தேகமே வெச்சுக்காதீங்க."

எங்கள் பக்கம் முன்கூட்டியே நன்றி சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. விசா கிடைக்கும் முன்பே, பிள்ளைக்கு வரன் அமையும் முன்பே சொல்வார்கள். அவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்தும் இருக்கிறேன். எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது எழுதினேன். என் கையெழுத்து கோணல். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, என் கணவருக்குக் கர்த்தர் பேச்சைத் திரும்பக் கொடுத்ததற்காக என்று எழுதி, பேரும் போட்டேன்.

கவரில் எழுதுவதை ஆராதனையில் வாசிப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். அதற்குள் ஆண்டவர் செய்துவிடுவார் என்றிருந்தேன். வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவே முழுசாக ஒரு நாள் இருந்ததே. சனிக்கிழமை முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு ஊட்டும்போது பார்த்தேன். முகம் துடைக்கும்போது பார்த்தேன். ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பும்போது புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார். சட்டென்று குனிந்து அவர் வாயைப் பார்த்தேன். ஜன்னலைக் காட்டி, "போலாம் ரைட்" என்றார். வெயில் கண்ணில் அடிக்கிறது, திரையைப் போடு என்று அர்த்தம்.

அப்போதும் கவரைக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். கடைசி நிமிஷத்தில் நம்பிக்கை இழந்தாயே என்று அவர் கேட்டுவிடக்கூடாது பாருங்கள். இங்கே அவர் என்று சொல்வது ஆண்டவரை.

ஆயர் வாசித்ததும் சர்ச்சே ஆமென் என்றது. சிலர் கை தட்டினார்கள். முன் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகவே அப்படித்தான் உட்காருவேன் என்பதால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

கீழ் வீட்டில் குடியிருக்கும் மாமிதான் வீட்டுச் சொந்தக்காரர். சாயங்காலமே படியேறி வந்துவிட்டார்.

"என்னடி, அவர் பேசிட்டாராமே! பால் போடறவன் சொல்றான். நேக்கு ஒரு வார்த்தை சொல்லப்டாதோ? மேலேருந்து அதே போலாம் போலாம்தானே கேட்டுண்டிருக்கு, எப்போ பேசினார்?"

மாமியிடம் எனக்குக் கூச்சம் குறைவு. நடந்ததைச் சொன்னேன். மாமி மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

"அசடே, நாங்களும்தான் வேண்டிக்கறோம். வேண்டிண்டது நடந்தப்புறம்தானே முடி எறக்குவோம்? நீ முதல்லயே மொட்டை போட்டுண்டு நிக்கறியே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆகஸ்டுக்குப் பிறகு சிரித்தது அன்றைக்குத்தான். மாமி போன பிறகு சிரித்ததற்காகவும் பயந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கேரல் குழு வந்தது. நோயாளிகள் இருக்கிற வீடுகளுக்கு மட்டும் பகலில் வருவார்கள். கித்தார், டம்பரின், பஞ்சுத் தாடி வைத்து வியர்த்துக் கொட்டுகிற கிறிஸ்துமஸ் தாத்தா, ஆயர், சிஸ்டர் என்று படியெல்லாம் ஆட்கள். எங்கள் ஒற்றை அறையில் நிற்க இடமில்லை. இரண்டு பாட்டுப் பாடினார்கள். அவருக்குப் பாட்டு பிடிக்கும். இடது கையால் தொடையில் தாளம் போட்டார். நான் கதவோரம் நின்று, இப்படியே ஜெபம் சொல்லிவிட்டுப் போய்விட்டால் போதும் என்று இருந்தேன்.

ஆயர் அவர் பக்கத்தில் குனிந்தார். "ஐயா, ஆண்டவர் உங்களுக்குச் செஞ்சதைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நாற்பத்தாறு வருஷமாக, யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் நான் அவரை எப்படிப் பார்ப்பேனோ, அதே பார்வை. நீ சொல்லேன் என்கிற பார்வை. என் வாய் அசையவில்லை.

கழுத்து நரம்பு புடைத்தது. "போலாம் ரைட்" என்றார்.

கைதட்டல், அல்லேலூயா, டம்பரின் எல்லாம் சேர்ந்து எழுந்தது. தாத்தா வேஷக்காரர், "கண்டக்டர் ஐயா ட்யூட்டிக்கு வந்துட்டாருப்பா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் அழத் தொடங்கினார். ஆனந்தக் கண்ணீர் என்று ஆயர் சொன்னார்.

"அது வந்துங்க ஐயா..." என்றேன் நான். டம்பரின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அவர்கள் கொண்டுவந்ததை வைக்க மேஜையில் இடமில்லை. கேக் இரண்டு, ஒரு பெட்டி ஆப்பிள், அவருக்கு வேட்டி சட்டை, எனக்குச் சேலை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கம்பளி. சென்னையில் கம்பளி எதற்கு என்று யோசிக்காமல் யாரோ அன்பாக வாங்கியிருந்தார்கள். நான் சுட்டு வைத்திருந்த அச்சு முறுக்கைத் தட்டில் வைத்து நீட்டினேன். ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து, உங்க விசுவாசம் பெரிசு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். அப்படி ஒரு பாவத்தை நான் கைநிறைய வாங்கிக்கொண்டது கிடையாது.

மறுநாள் பிரசங்கத்தில் எங்கள் கதைதான். வயல்வெளியில் தேவதூதன் சொன்னதைக் கேட்ட மேய்ப்பர்கள் போகலாம் வாருங்கள் என்று புறப்பட்டது போல, நம் சகோதரரும் வாய் திறந்ததும் போகலாம் என்றாரே என்று ஆயர் கண் கலங்கினார். நான் கையிலிருந்த தாளைப் பிரித்தேன். நோயாளிகள் பட்டியலில் மூன்றாவது இடத்தில் வேறு யாரோ ஒருவர் பேர் இருந்தது. மேலேயும் கீழேயும் தேடினேன். பின்பக்கம் திருப்பினேன். அவர் பேர் இல்லை.

ஆயர் பட்டியலை வாசித்தார். சர்ச் முணுமுணுத்தது. அந்த முணுமுணுப்பில் அவர் இல்லை. என் கையால் எழுதி நான்தான் எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. சுகமான வீட்டுக்கு எதற்கு வருவார்கள்? புதன்கிழமை அவரை மாமியின் பொறுப்பில் விட்டுவிட்டு சர்ச் ஹாலுக்குப் போனேன். ஏழைகளுக்குக் கொடுக்க சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து மடித்தேன். ஒரு கட்டு முடிந்து இரண்டாவது கட்டும் முடிந்த பிறகுதான் சிஸ்டரிடம் வாய் வந்தது.

"அவர் பேரைத் திரும்ப லிஸ்ட்ல போடணும் சிஸ்டர்."

"எந்த லிஸ்ட்ல?"

"நோயாளிங்க லிஸ்ட்ல. அவுரு பேசலை சிஸ்டர்."

"என்ன ஆன்ட்டி இது! போலாம்னு சொன்னாரே. என் காதால கேட்டேனே."

"அது ஆகஸ்டுலேர்ந்தே சொல்றாரு. அது ஒண்ணுதான் வருது."

சிஸ்டர் சேலையைக் கீழே வைத்தார். மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நன்றி சொல்லிட்டு மறுபடியும் கேட்டா, குடுத்ததை வேணாம்னு தள்ற மாதிரி. ஆயர் பிரசங்கமே பண்ணிட்டார். எத்தனை பேருக்கு அதால நம்பிக்கை வந்திருக்கு தெரியுமா? இப்பப் போய் இல்லைன்னா அவங்கல்லாம் என்ன ஆவாங்க?"

நான் சேலையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"குடியை விட்டுட்டான்னு என் பையனுக்காக நாலு வருஷமா கவர் போடறேன் ஆன்ட்டி. பேர் எழுதாம போடறேன். நான் நிறுத்திட்டேனா?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

கெட்ட மனுஷி என்றால் கோபமாவது வந்திருக்கும். அவருடைய பிடிமானத்தை என் கையால் பிடுங்க எனக்கு மனசில்லை. மூன்றாவது கட்டையும் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் ஒன்றை நினைத்துக்கொண்டே நடந்தேன். நிஜமாகவே கிடைத்தது எவ்வளவோ இருந்தது. காலில் அசைவு வந்தது. இடது கையால் தானே இட்லி பிட்டுச் சாப்பிடுகிறார். மாமி ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் மேலே வருகிறது. இதற்கெல்லாம் ஒரு கவர் எழுத எனக்குத் தோன்றவில்லை. கிடைக்காத ஒன்றுக்காகத்தான் அவ்வளவு சிரத்தையாக உட்கார்ந்து எழுதினேன். ஆண்டவருக்கு அதில் வருத்தம் இருக்குமோ என்னவோ. எனக்குக் கேட்கத் தெரியவில்லை, நன்றி சொல்லவும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று எட்டரை மணி ஆராதனைக்குப் போனேன். அவருக்குப் புது வேட்டி சட்டை போட்டுவிட்டு மாமியிடம் விட்டுவந்தேன். வாசலில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். தி.நகரில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவள். முப்பது வயது இருக்கும். கடையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்காததால் சர்ச்சுக்கு அபூர்வமாகத்தான் வருவாள். அவள் அம்மா இடுப்பு எலும்பு உடைந்து ஆறு மாதமாகப் படுத்த படுக்கை.

"ஆன்ட்டி, உங்களத்தான் தேடிக்கினு இருந்தேன். உங்க வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டேன். நானும் கவர் போட்டுட்டேன், இப்பத்தான். எங்கம்மா எழுந்து உக்காந்துச்சுன்னு எழுதினேன். சரிதானே? எத்தினி நாள் ஆன்ட்டி ஆவும்?"

அவள் முகமெல்லாம் சந்தோஷம். அதே சந்தோஷத்தோடுதான் நானும் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுதினேன்.

"அவுரு பேசலைம்மா" என்றேன்.

"போலாம்னாராமே?"

"அது மட்டுந்தான் வருது. முன்னாடியிலேர்ந்தே. வேற ஒண்ணும் வரலை. நடக்கும்னு நம்பி எழுதிட்டேன்."

அவள் என் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது.

"அப்ப எங்கம்மா?" என்றாள்.

இரண்டு பேரும் காணிக்கைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம். கமிட்டிக்காரர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். "கேட்டு வாங்கிடலாமா ஆன்ட்டி?" என்றாள். யார் கேட்பது? அதற்குள் மணி அடித்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

கவர்களை வாசித்தார்கள். பிள்ளை பிறந்ததற்காக. வீடு கட்டி முடித்ததற்காக. பிறகு அவள் பேர், அவள் அம்மாவைக் கர்த்தர் எழுப்பி உட்கார வைத்ததற்காக. ஆமென் என்ற சத்தம் முன்பைவிடப் பெரிதாக எழுந்தது. அந்த வீட்டுக்குப் புத்தாண்டுக்குப் பிறகு ஒரு நாள் எல்லோரும் போய் வருவோம் என்று ஆயர் அறிவித்தார். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. இனி அவள் அம்மா பேரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக, யாரும் நிற்கச் சொல்லாமல் சர்ச்சில் நின்றேன். ஐயா, அது உண்மையில்லை, எங்கள் இரண்டு வீட்டிலும் இன்னும் நடக்கவில்லை, பேரை எடுக்காதீர்கள் என்று சொல்லவேண்டும். வாய் திறந்தேன்.

பின் வரிசையில் இருந்தவர்கள் நன்றிப் பாட்டுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை எழுந்தது. ஆயர் புன்னகையோடு இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஆர்கன் தொடங்கிவிட்டது. சர்ச் முழுக்க நின்று பாடியது. நான் நடுவில் வாய் திறந்தபடி நின்றேன். பார்க்கிறவர்களுக்கு நானும் பாடுவது போலத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பெண் கடைசியாக எழுந்தாள். பாடவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இன்னா சொல்ல வந்தீங்க ஆன்ட்டி?"

சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரு இன்னா?" என்றாள் பிறகு. "நான் வேண்டிக்கிறேன். கடையில நின்னுக்கினே வேண்டிக்குவேன்."

அவர் பேரைச் சொன்னேன். அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உதடு அசைந்தது தெரிந்தது. அவள் அம்மா பேரைக் கேட்டேன். சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.